பழைய மோட்டார் சைக்கிள்: முதலில் பிரேக்கைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலை தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இன்னும் எட்டுவதாக இல்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை வீதிகளில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிகளே பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் நம்மைக் கொண்டு போகின்றன. என்னுடையதும் அத்தகைய 100 சீசீ வண்டிதான். ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு ஓடிய வண்டியின் பராமரிப்பில் ஒரு பகுதியையேனும் உரிமையாளரே செய்யப் பழக வேண்டும் என்பதையும், மலைநாட்டில் அது பிரேக்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, பின் பிரேக்கை எவ்வளவு மிதித்தும் வண்டி பிடிபடவில்லை. கியரைக் குறைத்து, முன் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, ஓரமாக நிறுத்தினேன். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஒரு கராஜில் முழு சேர்விஸுக்குப் பணம் கட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து சில்லைக் கழற்றிப் பார்த்தால், உரசிச் சில்லை நிறுத்தும் பிரேக் லைனர் தேய்ந்து, எஞ்சியிருந்த மேற்பரப்பு சூட்டில் இறுகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. வெளியே உள்ள நட்டை முறுக்கி மிதியைச் சரிசெய்தவர்கள், லைனரை உள்ளே கொண்ட சில்லின் நடுப்பகுதியான டிரம்மைத் திறக்கவே இல்லை.

அன்று முதல் அந்த வேலையை நான் எவரிடமும் விடுவதில்லை. டிரம் மூடிய பெட்டி போன்றது. நீண்ட இறக்கத்தில் மிதித்தபடியே வந்தால் சூடு வெளியேற வழியின்றி லைனரின் பிடிமானம் குறைந்துவிடும். தட்டையான ஊர்களில் ஓடும் வண்டிக்கு எழுதப்பட்ட பராமரிப்பு அட்டவணை நம் வீதிகளுக்குப் போதாது. லைனரின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விடாமல் மாற்றிவிட வேண்டும். உள்ளே சேர்ந்த தூளை வாயால் ஊதவே கூடாது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு. டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஒயிலை மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், மழையும் பனிமூட்டமும் ஓயாத நம் பக்கத்தில் அலட்சியப்படுத்தக் கூடாத காரியம் இது.

அடுத்தது செயின். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பூசிய ஒயில் சில நாட்களிலேயே கழுவப்பட்டுவிடுகிறது. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நீளுவதில்லை. ஆகவே பின்சில்லை மெதுவாகச் சுற்றி, மிக இறுக்கமாக உள்ள இடத்தில் வைத்தே தளர்வை அளக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டபடி செயினைத் துடைப்பவர்களை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விரல் போய்விடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

எஞ்சினைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான அவசரம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால், கீழ்நாட்டுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்ட காபரேட்டர் (பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) இருக்கும் காற்றுக்கு மிகுதியான பெற்றோலை விடுகிறது. வண்டி இழுக்காது, தீப்பொறி தரும் பிளக் கறுக்கும். இதைப் பார்த்து எஞ்சின் முடிந்துவிட்டது எனப் பயந்து பிஸ்டன் ரிங் மாற்றியவர்களை அறிவேன். பிளக்கில் உலர்ந்த கறுப்புப் பொடி இருந்தால் அது பெற்றோல் மிகுதியின் அடையாளம். முதலில் எயார் பில்டரைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். பிளக் ஒயிலில் நனைந்து, புகையும் நீலமாக வந்தால் மட்டுமே ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்கலாம். அந்த வேலைக்குத் தேர்ந்த மெக்கானிக்கிடமே போக வேண்டும். நான் அதில் கைவைப்பதில்லை.

ஒயில் மாற்றுவது எளிது. எனினும் எஞ்சினின் அடியிலுள்ள, ஒயிலை வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை அழிந்துவிடும். கழிவு ஒயிலை லயத்துக் கானில் ஊற்றும் பழக்கம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தலவாக்கலையில் ஊற்றுவது கொத்மலை ஓயா வழியே மகாவலிக்கும், நோர்வூட்டில் ஊற்றுவது கெஹெல்கமு ஓயா வழியே களனிக்கும் போய்ச் சேருகிறது. மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் இடத்தில் கொடுப்பதற்கு அதிக சிரமமில்லை.

இவற்றைக் கற்றுக்கொள்ள நம் இளைஞர்களுக்குத் தமிழில் வழி குறைவு. மெக்கானிக் ஆவதற்கு நீண்டகாலப் பயிற்சிநெறிகள் இருக்கின்றன. சொந்த வண்டியைப் பார்த்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு அவை பொருந்தா. தொழிற்பயிற்சி அதிகாரசபை மலையக நிலையங்களில், ஞாயிறு ஒரு நாளேனும், உரிமையாளர்களுக்கென இலவச வகுப்பொன்றைத் தமிழில் நடத்த முன்வர வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வகுப்பில் டிரம்மைத் திறந்து, தேய்ந்த லைனரையும் புதியதையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.