சிறுநீரக நிபுணரிடம் அனுப்பத் தாமதம் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தந்தையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில், சிறுநீரகம் பழுதாகும்போது ரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின் 1.9, 2.6, 3.4 என ஏறிக்கொண்டே வந்தபோதும், சர்க்கரை மாத்திரையை மாற்றி எழுதிய மருத்துவர், சிறுநீரக நிபுணரைப் பாருங்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் சேர்த்த பிறகு, கழுத்து ரத்தநாளத்தில் குழாய் செருகித்தான் முதல் டயாலிசிஸ் நடந்தது. முன்பே அனுப்பியிருந்தால், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை செய்து, அது பக்குவப்படத் தேவையான வாரங்கள் கிடைத்திருக்கும். மாற்றுச் சிறுநீரகம் குறித்தும் நிதானமாக யோசித்திருப்போம்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீரில் புரதம் மிக அதிகமாக வெளியேறினாலோ நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறிமுறை. 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பயனாளிகளில் இந்த அளவைத் தொட்டவர்களை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்குத் தாமதமின்றி அனுப்புமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
மதுரை.