நிலாவுக்கு, கோட்டோடு

ஸ்காபரோ
ஞாயிறு இரவு

என் குஞ்சு நிலாவுக்கு,

உன்னுடைய கொப்பியின் படம் வந்தது. வட்ஸ்அப்பில் பெருப்பித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க யப்பானியச் சொற்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். வடிவான எழுத்துத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே நீ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. யப்பானில் நீ ஆங்கிலம் படிப்பிக்கிற மட்சுவேயில் வகுப்புப் பிள்ளைகள் உன் பெயரைக் கேட்டதும் ஏன் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள் என்று இத்தனை மாதம் கழித்துத்தான் உனக்கு விளங்கியதாம். 'நிரா' என்றால் அங்கே கடையில் கட்டுக்கட்டாக விற்கிற, உள்ளி மணக்கிற ஒரு கீரை.

நானும் சிரித்தேன். பிறகு நித்திரை வரவில்லை. அது நான் ஆசைப்பட்டு வைத்த பெயர்.

அவர்களிடம் லகரம் இல்லை, அந்த இடத்தில் ரகரம்தான் வரும். அது போகட்டும். உன் பெயரின் கடைசியில் இருந்த நெடில் எங்கே போனது? உன் பாஸ்போட்டில் நாலே நாலு ஆங்கில எழுத்து. கடைசி எழுத்து 'ல'வா 'லா'வா என்று அதைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. நீ அந்த நாலு எழுத்தை வைத்துத்தான் கத்தகானாவுக்கு, அவர்கள் வெளிநாட்டுப் பெயர்களை எழுதுகிற எழுத்துக்கு, மாற்றியிருக்கிறாய். தமிழில் இருந்து மாற்றியிருந்தால் கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பாய். கத்தகானாவில் நெடிலைக் காட்டுகிற கோடு. பியரும் கட்டடமும் அவர்களுக்கு 'பீரு', 'பிரு'. அந்த ஒரு கோடுதான் வித்தியாசம். உன் பெயருக்கும் கீரைக்கும் அவ்வளவுதான்.

இவவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நீ போன அடுத்த கிழமையே நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை, பாதியில் விட்டால் வெட்கம். வேலைக்குப் போகிற பஸ்ஸில் நாளுக்கு ஐந்து எழுத்து. அவர்களின் மற்ற எழுத்துவகை ஹிரகானா 46, கத்தகானா 46. ஒவ்வொன்றையும் பத்து நாளில் படித்து, பத்து நாளில் மறந்து, திரும்பப் படித்தேன். ஏடு தொடக்கிற பிள்ளை மாதிரி ஒருநாள் தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதினேன். சோறாக்க அளந்து வைத்த அரிசி என்று அப்பா சத்தம் போட்டார்.

அந்தப் புத்தகத்தின் முதல் அட்டவணையைப் பார்த்ததும் நான் பஸ்ஸில் கொஞ்சம் பலமாகவே "அட!" என்றேன். அ, இ, உ, எ, ஒ. அதற்குப் பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. 'ஹ' இருக்கிற இடத்தில் பழைய காலத்தில் 'ப' ஒலி இருந்ததாம். அதை மாற்றிப் போட்டுப் பார்: க ச த ந ப ம ய ர வ. எங்கள் அரிச்சுவடியின் வரிசை! தற்செயல் இல்லை. புத்த பிக்குகள் சமஸ்கிருத மந்திரங்களுக்காக இந்திய எழுத்துமுறையைப் படித்தார்கள், அந்த ஒழுங்கு அங்கே போய்ச் சேர்ந்தது. நீ சனிக்கிழமை சனிக்கிழமையாக அழுதழுது படித்த வரிசைதான் அது. அங்கே போய் ஆங்கில எழுத்தில் ஒன்றிலிருந்து தொடங்குகிறாயே என்றுதான் எனக்கு மனம் கேட்கவில்லை.

ஆங்கிலக் காதுக்கு நீளம் கேட்காது, பிள்ளை. உன் பக்கத்து வீட்டு மனுசி மட்டி போட்ட மிசோ சூப் கொண்டுவந்து தந்தா, நன்றி சொன்னதும் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது என்றாய். (ஷின்ஜி ஏரி மட்டியோ அது? சிஜிமி என்று சொல்லுவினமாம், நகம் அளவுதானாம். உடைத்துக் குடித்தாயோ, ஓட்டோடு விட்டாயோ?) நீ அவவை என்னவென்று கூப்பிட்டாய்? 'ஒபசன்' என்றால் மாமி, அன்ரி. 'ஒபாசன்' என்றால் கிழவி. ஐம்பது வயது மனுசியை நீ அம்மம்மா ஆக்கியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் கொப்பியில் இரண்டுமே ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கிறது.

இரட்டிப்பும் அப்படித்தான். கனி, கன்னி இரண்டையும் உனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும், உன் கனடாச் சிநேகிதிகளுக்குத் தெரியாது. 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் முத்திரை. அவர்கள் சொல்லை மாத்திரை கணக்கில்தான் அளக்கிறார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, எங்களைப் போலவே. மெய்யெழுத்தில்தான் வித்தியாசம். எங்களுக்கு மெய் அரை மாத்திரை, இரட்டிப்பில் முதல் மெய்க்கும் கடைசி 'ன்'னுக்கும் அவர்கள் முழு மாத்திரை கொடுக்கிறார்கள். தோக்கியோவை நீ மூன்று துண்டாகச் சொல்லுவாய், அவர்களுக்கு அது நாலு: தொ, ஒ, கியொ, ஒ. மேசையில் விரலால் தட்டிச் சொல்லிப் பழகு.

வாக்கியத்தின் கடைசியில் வருகிற 'தெசு'வை உதட்டைக் குவித்து முடிக்காதே. கடைசி உகரம் பாதி செத்துத்தான் வரும். இது குற்றியலுகரம், வேறொன்றும் இல்லை. 'காசு' என்று நீ சொல்லுகிறபோது கடைசியில் வருகிறதே, அதைவிட இன்னும் கொஞ்சம் ஒடுக்கு.

இனி வாக்கியங்கள். சொன்னால் நம்பமாட்டாய், நான் முதலில் மனப்பாடம் செய்தது 'இத்தெ கிமஸ்'. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சொல்வது. உன் புத்தகம் அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ சுற்றி வளைத்து விளக்கம் எழுதியிருக்கும். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 'இத்தெ' என்றால் போய், 'கிமஸ்' என்றால் வாறன். போட்டு வாறன்! வீட்டில் இருக்கிறவர் 'இத்தெ ரஷ்ஷாய்' என்பார். போட்டு வாங்கோ. நீ சின்னதில் படலையில் நின்று "நான் போறன்" என்று சொன்னால் அம்மம்மா உன்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, ஒழுங்காகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவா. நினைவிருக்கிறதோ? வெளிநாட்டுக்காரருக்கு முதலில் தெரியவருகிற 'சயோனரா'வை அவர்கள் வீட்டுக்குள் சொல்வதில்லையாம். பள்ளிக்கூடம் விடும்போது பிள்ளைகள் உனக்குச் சொல்லுவார்கள், அது வேறு.

'தபெதெ மிதெ' என்பதில் 'தபெதெ' சாப்பிட்டு, 'மிதெ' பார். சாப்பிட்டுப் பார். வாங்கி வைப்பதற்கு 'கத்தெ ஒகு', அந்த 'ஒகு' என்கிற வினையும் வை என்பதுதான். ஆங்கிலத்தில் 'பார்' எதற்குச் சாப்பாட்டோடு வருகிறது, 'வை' எதற்கு வாங்குவதோடு வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். நீ குசினிக்குள் நிற்கிறதாக நினைத்துக்கொண்டால் போதும், நான் நாள் முழுக்க உனக்குச் சொன்னதெல்லாம் இந்த இரண்டும்தானே.

போன கிழமை 'சொரெ', 'அரெ' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், ஏன் இரண்டு என்று விளங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கொரெ, சொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருக்கிறது உது. நான் ஒவ்வொரு முறையும் போனில் முதலில் என்ன கேட்கிறேன்? "உங்கை குளிரோ?" 'உங்கை' என்றால் நீ இருக்கிற இடம். 'சொகொ'. உனக்குப் பத்து வயதில் தமிழ் வகுப்பில் ஒரு ரீச்சர் 'உது' என்ற சொல்லே இல்லை என்று சிவப்புப் பேனையால் வெட்டினா. நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் இப்போதும் வைத்திருக்கிறேன். இலக்கணப் புத்தகத்தில் சுட்டு மூன்று என்று இருக்கிறது, நாங்கள் இன்னும் பேச்சில் வைத்திருக்கிறோம், அவ வெட்டிவிட்டா. அன்றைக்கு நான் போய்க் கதைத்திருக்க வேண்டும். வந்த புதிது, பயம்.

இரண்டு மொழியும் சொந்தம் என்று சொன்ன ஒருவர் இருந்தார், ஓனோ சுசுமு என்ற பேராசிரியர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்து சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் அது பெரிய பேச்சு. மொழியியல் படித்தவர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது, உருபு பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரிய மொழியிலும் துருக்கியிலும் இருக்கிறது. எனக்கும் சொந்தம் கொண்டாட ஆசை இல்லை. வழி தெரிந்த ஊர் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். எங்களுக்குக் ககரம் ஒன்று. அவர்களுக்கு இரண்டு, எழுத்தின் தோளில் இரண்டு குத்துப் போட்டால் வேறு ஒலி. இந்தக் கடிதத்தில் நான் எழுதின 'தபெதெ'யை நான் வாசிக்கிற மாதிரியே நீ சொன்னால் பிழைத்துப்போகும், கடைசித் தகரத்தை அழுத்தவேண்டும். இங்கே உன் ஆங்கிலக் காதுதான் கெட்டி. சொல்லின் ஏற்ற இறக்கமும் எனக்குப் பிடிபடவில்லை. 'ஹஷி' என்றால் பாலமும் தான், சாப்பிடுகிற குச்சியும் தான்.

கஞ்சிக்கு, அதுதான் அவர்கள் எழுதுகிற சீன எழுத்துக்கு, எவரிடமும் குறுக்குவழி இல்லை. கஞ்சி என்று எழுதவே சிரிப்பு வருகிறது. அன்றாடத் தேவைக்கென்று அரசாங்கம் வகுத்த பட்டியலில் 2136. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு வருடத்தில் 1026 படிக்கிறார்கள், முதலாம் வகுப்பில் 80. நீ அந்த 80ஐ முதலில் பார். மரம் ஒன்று. இரண்டு மரம் பக்கத்தில் நின்றால் தோப்பு, மூன்று நின்றால் காடு. மரத்தோடு ஒரு மனிதன் சாய்ந்தால் ஓய்வு. மலைக்கு 'யம' என்றும் 'சன்' என்றும் இரண்டு வாசிப்பு. பூஜி மலைக்குப் பின்னால் வருகிற 'சன்' அந்த மலைதான், மரியாதை இல்லை. நான் நாப்பதில் நிற்கிறேன், நீ வந்து சேர்.

நீ இருக்கிற அதே ஊருக்கு 1890இல் உன்னைப் போலவே ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர் எழுத்தாளர் லஃப்காடியோ ஹேர்ன். 1904இல் யப்பானிலேயே கண்ணை மூடினார். பழைய நூல்களைத் தானாக வாசிக்கிற அளவுக்கு மொழி வரவில்லை. மனைவி செத்சு வாயால் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் எழுதினார். வீட்டில் இரண்டு பேரும் விகுதியெல்லாம் உதிர்ந்த ஒரு பாஷை பேசினார்கள். கடற்கரை ஊருக்குப் போனால் மனைவிக்குக் கத்தகானாவில் கடிதம் எழுதுவார், பிழையும் தானுமாக. ஆங்கில எழுத்தில் இல்லை, பார்த்தாயா.

உன் விலாசத்தை நானே கையால் எழுதினேன். அவர்களுக்கு மாகாணம் முதலில், பிறகு நகரம், பிறகு வீடு, கடைசியில்தான் ஆள். நாட்டின் பெயரை மட்டும் இங்கத்தைய தபாலுக்காக ஆங்கிலத்தில். மேலிருந்து கீழாக எழுதினால் வடிவாக இருக்கும் என்று எழுதி, உன் பெயருக்குப் பின்னால் கோட்டைப் படுக்கப் போட்டுவிட்டேன். நெட்டாக எழுதினால் அந்தக் கோடும் நிமிர்ந்து நிற்கவேண்டுமாம். ஒரு உறை பழுது. இரண்டாவதில் சரியாக நிற்கிறது, கொஞ்சம் இடப்பக்கம் சரிவு.

மழைக்கு முழங்கால்வரை சப்பாத்து வாங்கி வை.

அம்மா