வெள்ளத்தில் வந்து நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கும், மற்ற மார்க்கங்களிலிருந்து ஓடி வந்த சகோதர சகோதரிகளுக்கும், தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் தாமிரபரணிக் கரையோரத்துச் சபை ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எழுதிக்கொள்வது. உங்களுக்கு முறையாக நன்றி சொல்வது பாக்கியாகவே இருந்தது. வீடு வாசல் ஓர் ஒழுங்குக்கு வரட்டும் என்று தள்ளிப் போய்விட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறோம்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. குளங்கள் உடைந்தன, ஆறு தெருவுக்குள் வந்தது, கரண்டும் போனும் அற்றுப்போயின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த ராத்திரியில் ஆலயத்தைத் திறந்துவிட்ட கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) அண்ணனுக்கு முதல் நன்றி. அசனம் என்கிற சபை விருந்துக்கு மட்டும் வெளியே வரும் அண்டாக்களை இறக்கி, காணிக்கைக்காகக் கைப்பிடி அரிசி சேர்த்து வைத்திருந்த டின்களையும் கவிழ்த்துக் கஞ்சி காய்ச்சிய அக்காமாருக்கு அடுத்தது. எந்தத் தெரு, எந்தச் சாதி, சங்கக் காணிக்கை கட்டியவரா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. (சாதாரண நாளில் கேட்பதுண்டு. அதையும் மறைப்பானேன்.)

தண்ணீர் வடிந்த பிறகு உதவி நிறைய வந்தது. லாரியில் நின்றபடி பொட்டலத்தை எறிந்துவிட்டுப் போனவர்களும் உண்டு, பேனரைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்த பிறகு அரிசிப் பையைக் கையில் கொடுத்தவர்களும் உண்டு. அந்தச் சோறும் பசியைத்தான் ஆற்றியது. சாப்பிட்டோம், அவர்களுக்கும் நன்றி. ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது மதுரைப் பக்கமிருந்து வந்த அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை நினைத்துத்தான்.

அவர்கள் சாமான் இறக்குவதற்கு முன்னால் வீடு வீடாக வந்து கேட்டார்கள். முழங்கால் அளவுச் சகதியை அள்ளிக்கொண்டே கேட்டார்கள். கூட வந்த பெண் பிள்ளைகள் எங்கள் குமரிப் பிள்ளைகளைத் தனியே அழைத்து, மாற்று உள்ளாடைக்கும் நாப்கினுக்கும் கணக்கு எடுத்துப் போனார்கள். அதுவரை வந்த எந்த லாரியிலும் அது இல்லை. தெருக்கோடி ஆச்சியிடம் ஒரு தம்பி, "வேற என்ன வேணும் ஆச்சி?" என்றான். "வெத்தல இடிக்க ஒரு சின்ன உரல் இருந்தாப் போதும்ல" என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டோம். அவன் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். அடுத்த நடையில் உரல் வந்தது.

இன்னொருத்தி, எங்கள் வீட்டுக் குடும்ப வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாள். அதன் முன்பக்கத்தில்தான் தாத்தா காலத்திலிருந்து யார் யார் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் பழைய பேப்பர் வைத்து, நிழலில் காயப்போட்டாள். ரேஷன் கார்டும் பட்டாவும் அப்படித்தான் பிழைத்தன. அவள் என்ன மதம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

விசுவாசமா கிரியையா, அதாவது நம்பினால் போதுமா செயலும் வேண்டுமா என்று எங்கள் வேதபாட வகுப்பில் வருஷக்கணக்காக விவாதித்திருக்கிறோம். ஆகாரமில்லாதவனைப் பார்த்து "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனை, "அதனால் பிரயோஜனமென்ன?" என்று வேதத்தில் யாக்கோபு கேட்கிற கேள்வி எங்களுக்கு மனப்பாடம். வெளிப்படுத்தல் 2-ஆம் அதிகாரத்து எபேசு சபையைத்தான் வேகமாகத் தாண்டிவிடுவோம். உழைப்பு, பொறுமை, கிரியை எதிலும் அந்தச் சபை குறைந்ததில்லை. அப்படியிருந்தும் "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று அதன்பேரில் ஆண்டவர் குறை சொல்கிறார். அதனால் அவர் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. "ஆதியில் செய்த கிரியைகளைச் செய்" என்கிறார். அன்பையும் கிரியையையும் தராசில் எதிரெதிர்த் தட்டில் வைத்துப் பார்த்தே பழகிவிட்டோம் போலிருக்கிறது. உரல் வேண்டும் என்பது அன்பில்லாதவன் காதில் விழாது. காதில் விழுந்தும் வாங்கி வராவிட்டால் ஆச்சிக்கு வெற்றிலை கிடையாது.

ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோனபோது, புதுக்குடி கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அம்மன் கோயிலில் சமைத்து, முன்பின் தெரியாத பயணிகளுக்கு ஊட்டினார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலைத் திறந்து இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அந்த வருஷம் எங்கள் சபை ஐயர் (போதகர்) தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம்.

சென்னையிலும் பம்பாயிலும் வளைகுடாவிலும் இருந்து ஜெபித்த எங்கள் பிள்ளைகளே, ஜெபத்தோடு நிற்காமல் ஸ்டவ்வும் பாயும் பள்ளிக்கூடப் பையும் வாங்கப் பணம் அனுப்பினீர்கள். வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஊருக்கு வரும்போது பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கல்லூரிப் பிள்ளைகள் விட்டுப்போன மண்வெட்டிகளும் ஒரு ஜோடி ரப்பர் பூட்சும் கோயில்பிள்ளை அண்ணனிடம் பத்திரமாக இருக்கின்றன. அசனத்தன்று வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பந்தியிலேயே இடம் போட்டு வைக்கிறோம்.