இசைத்தட்டு மீட்பும் பகிர்வும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

காலாண்டுக் கூட்டங்கள் நான்கும் உரிய காலத்தில் நடந்தன. தட்டுகளைச் சுத்தம் செய்யும் பயிற்சி ஒன்றும், கேட்பரங்கம் இரண்டும் நடத்தினோம். அட்டவணை திருத்தும் வேலை தொடர்கிறது.

இந்த ஆண்டின் பெரிய வேலை மறுபதிவுதான். நம் சேகரத்தில் ஏற்கெனவே கணினியில் ஏற்றி வைத்திருந்த 78 சுற்றுத் தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளை, முதலிலிருந்து மறுபடி எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். “இருப்பதையே எதற்குத் திரும்ப எடுக்க வேண்டும், புதிதாக வருவதைப் பார்க்கலாமே” என்று இரண்டு கூட்டங்களில் கேள்வி வந்தது. கேட்டவர்கள் விளக்கம் சொன்ன கூட்டத்துக்கு வரவில்லை. அதனால் இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

பழைய கோப்புகளில் பெரும்பாலானவை எல்பி முள்ளால், அதாவது பிற்காலத்து நெடுநேரத் தட்டுகளுக்கான முள்ளால், எடுக்கப்பட்டவை. எல்பி முள்ளின் நுனி ஏறத்தாழ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 தட்டின் பள்ளத்துக்கு வேண்டியது ஆயிரத்தில் மூன்று பங்கு. மெல்லிய முள் பள்ளத்தின் இரு சுவர்களையும் தொடாமல் அடியில் போய் விழுகிறது. அடியில் இருப்பது தூசியும் துகளும். நாம் இவ்வளவு காலம் ‘பழைய தட்டு என்றால் இப்படித்தான் இரையும்’ என்று நினைத்ததில் பெரும்பகுதி தவறான முள்ளின் சத்தம். சரியான முள்ளிலும் ஒரே அளவு எல்லாத் தட்டுக்கும் ஒத்துவராது. அந்தக் காலத்து எஃகு ஊசி எந்த உயரத்தில் சுவரைத் தேய்த்ததோ, அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தேயாத பகுதி இருக்கும். கொஞ்சம் பருத்த முள்ளோ சிறுத்த முள்ளோ போட்டால் அந்தப் பகுதி கிடைக்கும். அதே தட்டில் குரல் துடைத்து வைத்ததுபோல் எழுந்து வரும். கேட்பரங்கத்துக்கு வந்தவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாங்களே கேட்டார்கள்.

அடுத்தது வேகம். 78 என்று சொல்கிறோமே தவிர, 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய தட்டுகள் 70-லிருந்து 80-க்கு மேல் வரை பல வேகங்களில் பதிவானவை. 78-ல் ஓட வேண்டிய தட்டை 82.6-ல் ஓட்டினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும், பாடுகிறவரின் குரலே வேறு ஆளின் குரலாகிவிடும். பக்கவாத்தியத்தின் சுருதியையும் பேச்சுக்குரலின் இயல்பையும் வைத்து வேகத்தை முடிவு செய்து, அதைக் கோப்போடு எழுதி வைக்கிறோம். பிறகு ஒருவர் நம் முடிவு தவறு என்று கருதினால் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் அல்லவா?

ஒலிச்சமன் விஷயமும் இதே போலத்தான். தட்டுக் கேட்பதற்கான இன்றைய ஆம்பிளிஃபயர்களில் இருக்கும் ஆர்ஐஏஏ என்ற ஒலிச்சமன் அளவு 1954-ல்தான் பொதுவானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தன் வழக்கப்படி கூட்டிக் குறைத்தது. மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன் புனல் முன்னால் பாடிப் பதிந்த தட்டுகளுக்கு அப்படி ஒரு அளவே கிடையாது. ஆகவே எதையும் கூட்டாமல் குறைக்காமல், 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பாக மூலத்தை எடுத்துப் பத்திரப்படுத்துகிறோம். மோனோ தட்டுதானே என்று விட்டுவிடாமல், இரு சுவர்களையும் ஸ்டீரியோவாகவே எடுக்கிறோம். ஒரு சுவர் கெட்டிருந்தால் மற்றொன்று உதவும்.

இதில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். விளிம்பிலிருந்து லேபிள் வரை கீறல் விட்ட பத்து அங்குலத் தட்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’. ஒரு பக்கம் மூன்று நிமிடம் என்றால் 230-க்கும் மேல். மென்பொருளிடம் விட்டால் டிக்கோடு சேர்த்துத் தாளவாத்தியத்தின் அடியையும் தின்றுவிடுகிறது. இரண்டும் அலைவடிவத்தில் ஒரே மாதிரிதான் நிமிர்ந்து நிற்கின்றன. அதனால் ஒவ்வொரு டிக்கையும் திரையில் பெரிதாக்கி, கையாலேயே எடுத்தேன். அடி அடியாக விழுகிறது இப்போது. இரைச்சல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அது இருக்கட்டும். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் குரலின் மூச்சும் கூடப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் 1902-ல் கொல்கத்தாவில் பதிவான பாடகி கௌஹர் ஜானின் தட்டுகள் தொடங்கி, அந்தக் காலத்துப் பாடகர்கள் பலர் பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே சொல்வார்கள். அன்று இங்கே பதிந்தவை ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகி வந்தன. அங்கே இருந்தவர்களுக்கு யாருடைய தட்டு என்று தெரிய அந்தக் குரல் உதவியது. லேபிள் உரிந்துபோன தட்டுகளில் இன்று நமக்கும் அதுதான் சான்று. நாம் பகிர்ந்த கோப்புகளிலிருந்து இந்த அறிவிப்பை ‘தேவையில்லாத பேச்சு’ என்று வெட்டிவிட்டு, இரைச்சலையும் முழுக்க மழித்து, எம்பி3 ஆக்கித் தம் பெயரில் வெளியிட்டவர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். பகிர்வதற்குத்தான் சங்கம், யாரும் எடுத்துக் கேட்கலாம். ஆனால் தட்டு எண், முள் அளவு, வேகம், மீட்டவர் பெயர் அடங்கிய குறிப்பை நீக்காமல் பகிரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இரவல் போன தட்டுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். திரும்பாத தட்டுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. திரும்பிய ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார்கள். 78 தட்டு அரக்கும் கல்தூளும் கலந்தது. ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். அந்தத் தட்டின் ஒரு பக்கம் மங்கி, கையில் ஒட்டுகிற நிலையில் வந்தது. காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் போதும் என்று பயிற்சியில் விளக்கமாகச் சொன்னோம். பயிற்சிக்கு வந்தவர்கள் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே இனி தட்டுகள் வெளியே போகாது, கோப்புகள் மட்டுமே தரப்படும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது.

பகிர்வில் சட்டத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். அமெரிக்காவில் 1923-க்கு முந்தையவை 2022 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமை ஆயின. 1923 முதல் 1946 வரையிலானவற்றுக்கு 100 ஆண்டு கணக்கு. பாடலின் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி. பழைய தட்டுகளை இணையத்தில் ஏற்றிவந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் மீது 2023-ல் இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டதை எல்லோரும் அறிவோம். எனவே சந்தேகம் உள்ளவற்றை மீட்டு வைக்கிறோம், வெளியிடுவதில்லை. ‘ஏன் இன்னும் போடவில்லை’ என்று கேட்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் செலவு வரவை ஒட்டியே இருந்தது. முள்ளுக்கும் வன்வட்டுக்கும்தான் பெரும்பகுதி போனது. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. நினைவூட்டல்கள் அனுப்பினோம், பதில் எழுதியவர்கள் சிலர், கட்டியவர்கள் அவர்களிலும் சிலர். கோப்பு கேட்டு வரும் கடிதங்களில் நிலுவையில் இருப்பவர்களின் பெயர்களே அதிகம் என்பதைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம்.

தட்டுகளை நன்கொடையாகத் தந்த குடும்பங்களுக்கும், இடம் தந்தவர்களுக்கும், தணிக்கை செய்து தந்தவருக்கும், ஊக்கம் தந்த தலைவருக்கும், இணைச் செயலாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். அரக்குத் தட்டு கீழே விழாத வரை நூறாண்டும் தாங்கும். நம்மிடம் உள்ள வேறொரு வகைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பூச்சைப் பூசி, அதில் ஒலியை நேரடியாக வெட்டிப் பதிந்த தட்டுகள் அவை. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் பிரதி இல்லை. பூச்சு ஆண்டுக்காண்டு சுருங்குகிறது, தகடு சுருங்குவதில்லை, அதனால் வெடித்து உரிகிறது. நம் பெட்டியில் இரண்டின் விளிம்பில் மயிரிழைக் கோடுகள் தெரிகின்றன. மேலே வெள்ளைப் படிவும் கண்டிருக்கிறது. இவற்றை முதலில் எடுத்தாக வேண்டும். அதற்கான இலகு முள் நம்மிடம் இல்லை, வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த இன்னொரு ஆளும் இல்லை. மறுபதிவை இவ்வளவு காலம் தனியாகவே செய்து வருகிறேன், தொடர்ந்து செய்யவும் விருப்பம்தான். ஆனால் அடுத்த தேர்தலில் இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் தடையாக நிற்க மாட்டேன், வேலையையும் கற்றுத் தருவேன். யாரும் வரவில்லை என்றால், முள் வாங்கும் அளவுக்காவது நிலுவைச் சந்தா இந்தக் காலாண்டு முடிவதற்குள் வந்து சேர வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்