மூக்கை மட்டும் மாற்றாதீர்கள்: மியூனிக் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மியூனிக் நகரில் பி.எம்.டபிள்யூ கார்களுக்கு உருவம் கொடுக்கும் அனைவருக்கும்,

வணக்கம். நான் உங்கள் வாடிக்கையாளன் இல்லை. ஆகப்போவதும் இல்லை. சென்னையில் இருபத்திரண்டு வருடமாக டிங்கரிங், பெயின்டிங் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் காரில் விழுந்த ஒடுக்கை எடுப்பதுதான் பிழைப்பு. உங்கள் தலைமைக் காரான 7 சீரிஸை நான் ஓட்டியது மொத்தமாக நாலு கிலோமீட்டர் இருக்கும். கையால் தடவிப் பார்த்ததற்குக் கணக்கே இல்லை. தகடு தொட்டவனுக்குத் தகடு பற்றிப் பேச ஒரு உரிமை உண்டு என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கடனைத் தீர்த்துவிடுகிறேன். 2001இல் 7 சீரிஸின் புதிய தலைமுறையான இ65 வந்தபோது நான் ஐ.டி.ஐ. மாணவன். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அந்தப் படத்தைத் திறந்தால், அது மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கியது. முகப்பு விளக்குக்கு மேலே புருவம். பின்னால், டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி ஒரு டிக்கி. என் சுவரில் படமாக ஒட்டியிருந்த முந்தைய தலைமுறை இ38க்குப் பிறகா இது என்று வயிறு எரிந்தது. உங்கள் அப்போதைய வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி இணையத்தில் ஒரு மனு சுற்றியது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான பேர் போட்டார்கள். நண்பன் ஆங்கிலத்தில் தட்டிக்கொடுக்க, நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

போட்டது தப்பு. அந்த டிக்கியை நேரில் தொட எனக்குப் பல வருடம் ஆனது. தொட்ட அன்று புரிந்தது. அவ்வளவு ஆழமான அச்சு, அவ்வளவு பெரிய தகட்டில், ஒரு இடத்தில்கூடத் தகடு களைத்துப்போகவில்லை. உயர்ந்த டிக்கி, உயர்ந்த தோள், தடித்த கதவு எல்லாம் ஒரே மனிதன் ஒரே மூச்சில் சொன்ன வாக்கியம் மாதிரி இருந்தன. அதை வரைந்த ஏட்ரியன் வான் ஹூய்டாங்க் பிற்பாடு, 2009இல், பேங்கிளின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நாங்கள் திட்டிய கார், அதுவரை வந்த எல்லா 7 சீரிஸையும்விட அதிகம் விற்றது. 2005இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸின் பின்புறத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், யார் யாரைப் பார்த்தார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம். அதே 2005இல் நீங்கள் எங்கள் கூச்சலுக்கு இறங்கி வந்து புருவத்தை மழித்து, டிக்கியின் முனையை மழுக்கினீர்கள். அன்று கைதட்டினேன். இன்று எனக்கு 2001 முகம்தான் பிடிக்கிறது. ஆகவே மன்னிக்கவும்.

இந்த மன்னிப்போடு மடலை முடித்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும். கார்ப் பித்தர்கள் முதலில் திட்டுவார்கள், பத்து வருடம் கழித்துக் கொண்டாடுவார்கள், ஆகவே அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை என்கிற எண்ணம் இ65க்குப் பிறகு கார் உலகத்தில் ஊறிவிட்டது. உங்கள் ஸ்டுடியோவிலும் அது இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். 2019 ஜனவரியில் 7 சீரிஸின் ஜி11, ஜி12 கார்களின் முகத்தை மாற்றியபோது எழுந்த சத்தத்தையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு வேறு. ஏன் என்று சொல்கிறேன்.

பெயின்ட் காய்ந்து பாலிஷ் முடிந்ததும் நாங்கள் ஒரு வேலை செய்வோம். பட்டறை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்திய ஒற்றை டியூப்லைட்டை மட்டும் காரின் பக்கத்தில் வைப்போம். அதன் வெளிச்சம் கதவில் வெள்ளைக் கோடாக விழும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையை மெதுவாக இடவலமாக நகர்த்தினால் அந்தக் கோடு தகட்டின் மேல் ஊர்ந்து போகும். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியில் ஒரு முடி அளவு மேடு இருந்தால்கூட அங்கே கோடு நெளியும். கண்ணை ஏமாற்றலாம், டியூப்லைட்டை ஏமாற்ற முடியாது. உங்கள் ஊரில் இதற்கென்று பெரிய பெரிய விளக்கு அறைகளே இருக்கும். எங்களுக்கு நாற்பது வாட் போதும்.

2015இல் வந்த ஜி12ஐ அப்படிப் பார்த்திருக்கிறேன். பின் விளக்கின் பக்கத்தில் கிளம்பும் கோடு கதவுகளைத் தாண்டி, முன் சக்கரத்தின் மேலே கொஞ்சம் இளைப்பாறி, பானெட்டில் ஏறிச் சரிந்து மூக்கில் இருக்கும் கிரில்லில் வந்து அடங்கும். பிரமாதமான கார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசத் தொடங்கியதைப் பேசி முடித்த கார். 2019இல் அதன் கிரில்லை 40 சதவீதம் பெரிதாக்கினீர்கள். மூக்கின் நுனி 5 சென்டிமீட்டர் உயர்ந்தது. விளக்குகள் மெலிந்தன. கதவு அப்படியே, கூரை அப்படியே. இப்போது அதே டியூப்லைட்டை வைத்தால், கோடு கதவு வரைக்கும் 2015 மாதிரியே வருகிறது. பானெட்டுக்கு வந்ததும் வழி தெரியாமல் மேலே ஏறி, ஒரு சுவரில் போய் முட்டுகிறது.

ஏன் இப்படி என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கதவுக்கும் கூரைக்கும் அச்சு செய்வது யானை வாங்குகிற செலவு. ஒரு மாடலின் ஆயுளுக்கு ஒருமுறைதான் செய்வீர்கள். பம்பர் பிளாஸ்டிக். விளக்கு நாலு போல்ட். பானெட் ஒரு தகடு. நடுவயதில் மாற்றக்கூடியது இவ்வளவுதான். கூடவே, அப்போது வந்த எக்ஸ்7 எஸ்.யூ.வி.யின் பெரிய மூக்குக்குப் பக்கத்தில் ஷோரூமில் நின்றால் தலைமைக் கார் சின்னதாகத் தெரியக் கூடாது. மிகப் பெரிய சந்தையான சீனாவில் வாங்குபவர் கம்பீரம் கேட்கிறார். எல்லாம் நியாயம்தான். இருந்தாலும் என் பாட்டி இரண்டு மூக்கிலும் எட்டுக்கல் பேசரி போட்டிருந்தவர். அந்த அகன்ற முகத்துக்கு அது ராஜகளையாக இருந்தது. அதையே கல்யாணத்துக்கு என் தங்கைக்குப் போட்டுப் பார்த்தோம். பேசரி தெரிந்தது, தங்கை தெரியவில்லை.

பெரிய கிரில்லே பாவம் என்று சொல்கிறவன் இல்லை நான். 1933இல் உங்கள் 303 காரில் முதன்முதலில் வந்தபோது அந்த இரட்டைக் கிரில் நெடுநெடுவென்று நின்றது. 1987இல் 7 சீரிஸின் இ32 தலைமுறையில் பன்னிரண்டு சிலிண்டர் 750i வந்தபோது, ஆறு சிலிண்டர் காரைவிட அகலமான கிரில் கொடுத்தீர்கள். தெருவில் பத்தில் எட்டுப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த இரண்டு பேருக்கு நெஞ்சு ஒரு துடிப்பு தப்பும். தலைமைக் கார் அப்படித்தான் பேசும், தெரிந்தவனிடம் மட்டும், அதுவும் தணிந்த குரலில்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் எங்கள் கூட்டம் கூடும். ஏழெட்டுப் பேர். சொந்தமாக நல்ல கார் வைத்திருப்பவர் இரண்டு பேர்தான், மற்ற எல்லாருக்கும் கருத்து மட்டும் உண்டு. அதில் ஒரு அண்ணன் ஒரு தொழிலதிபரிடம் டிரைவர். 2019 முகம் உள்ள 7 சீரிஸைத் தினமும் ஓட்டுகிறவர். நாங்கள் கிரில்லைக் கிழித்துக்கொண்டிருந்தபோது டீயை ஊதிக்கொண்டே அவர் சொன்னார்: “ஏம்ப்பா, வாங்குனவரு பின்னாடி உக்காந்து போறாரு. அவரு எங்க மூக்கப் பாக்கப் போறாரு? முன்னாடி போறவன் கண்ணாடில பாக்குறான் பாரு, அவனுக்குத்தான்யா அந்த மூக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுல ஹாரனே அடிக்க வேணாம், தானா ஒதுங்குறான்.”

எங்களுக்குப் பதில் வரவில்லை. நாங்கள் அழகு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஒதுங்கச் சொல்வதற்கு லாரிக்கும் ஒரு முகம் இருக்கிறது. அதற்காக யாரும் லாரியைத் தலைமைக் கார் என்று சொல்வதில்லை.

இனி 2022இல் வந்த அடுத்த தலைமுறை 7 சீரிஸ், ஜி70. இதற்கு உங்களுக்கு என்னிடமிருந்து திட்டுதான் வரும் என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் வரும். நீளம் 5,391 மில்லிமீட்டர். என் சுவரில் இருந்த இ38ஐவிட ஒன்றேகால் அடிக்கு மேல் நீளம். உயரமும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. அதன் மின்சார வடிவமான ஐ7க்காகத் தரைக்கு அடியில் பேட்டரி அடுக்க வேண்டும், பெட்ரோல் காரும் அதே உடம்பு என்றால் உயராமல் எப்படி? அவ்வளவு உயரமான உடம்புக்கு இ38இன் குட்டி மூக்கு வைத்தால் பூசணிக்காயில் மிளகு வைத்த கதை. டியூப்லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டுத் தகடு அப்பழுக்கில்லாமல் அமைதியாக இருக்கிறது. கோடு நேராக வந்து அந்தப் பெரிய மூக்கில் தயக்கமில்லாமல் முடிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பொய் சொல்லாத கார். 2019க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இது 2001 மாதிரி, பிறக்கும்போதே இந்த முகத்தோடு பிறந்தது.

மீதிப் பாதித் திட்டு விளக்குகளுக்கு. மேலே படிகம் பதித்த மெல்லிய பகல் விளக்கு, கீழே கறுப்புக் குழிக்குள் உண்மையான முகப்பு விளக்கு. இரவில் எரியும்போது சரி. பகலில் அணைந்திருக்கும்போது கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கிரில் ஓரத்தில் ஒளி ஓட விட்டதைப் பற்றி என்ன சொல்ல? எங்கள் ஊரில் திருவிழா சப்பரத்துக்கு சீரியல் லைட் கட்டுவார்கள். சாமி வருகிறது என்று தெரிய வேண்டும் இல்லையா, அதற்கு. (பின் சீட்டுக்குக் கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது இறங்கிய பிறகு உள் கண்ணாடியில் டிரைவருக்குப் பின்னால் வருவது தெரியாது என்பதை மட்டும் எங்கள் டிரைவர் அண்ணன் சார்பில் பதிவு செய்கிறேன்.)

இப்போது நான் எழுத வந்த விஷயம். 2025 செப்டம்பரில் மின்சாரக் காரான புதிய ஐஎக்ஸ்3ஐக் காட்டினீர்கள். உங்கள் 1960களின் நோயே கிளாஸே கார்களை நினைவூட்டும் ஒல்லியான, நிமிர்ந்த சின்ன மூக்கு. எங்கள் டீக்கடையில் அன்று இரண்டாவது ரவுண்டு டீ ஓடியது. “அப்பாடா, இதையே 7 சீரிஸ்லயும் வெச்சிட்டா போதும்” என்று எல்லாரும் சொன்னார்கள். உங்களுக்கு வரும் கடிதங்களிலும் அதுதான் இருக்கும். கூட்டத்தில் நான் ஒருத்தன்தான் தலையாட்டவில்லை.

அந்த மூக்கு அழகானது, அந்த உடம்புக்கு. ஜி70இன் உடம்பு வேறு. கதவும் கூரையும் அப்படியே இருக்க, முன்னால் மட்டும் அந்த ஒல்லி மூக்கைக் கொண்டுவந்து பொருத்தினால் அது 2019இல் செய்த அதே வேலை, தலைகீழாக. அன்று சின்ன முகத்தில் பெரிய பேசரி. இனி பெரிய முகத்தில் சின்ன மூக்குத்தி. ஷ்டுட்கார்ட்காரர்களை, அதுதான் மெர்சிடிஸ்காரர்களைப் பார்த்தீர்களே. இ.கியூ.எஸ். காரை 2021இல் வில்லை வளைத்தது போல ஒரே வளைவாக வரைந்தார்கள். இதில் கம்பீரம் இல்லை என்று வாங்குகிறவர்கள் முகம் சுளித்ததும், 2024இல் குறுக்குப் பட்டைகள் ஓடும் கிரில்லையும் பானெட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் நட்சத்திரத்தையும் கொண்டுவந்து ஒட்டினார்கள். நட்சத்திரம் நேராகத்தான் நிற்கிறது. உடம்பு இன்னும் வழுக்கிக்கொண்டுதான் போகிறது.

ஆகவே, இந்த உடம்பு இருக்கும்வரை, பெரிய மூக்கோடே இருக்க விடுங்கள். ஒளியை அணையுங்கள். கண்ணை ஒரே இடத்தில் வையுங்கள். அல்லது குழியின் கறுப்பையாவது குறைத்து, கண் இருக்கும் இடத்தைப் பகலில் காட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கை எவ்வளவு உரிக்க முடியுமோ உரியுங்கள், அடியில் நல்ல தகடு இருக்கிறது. சின்ன மூக்கு வேண்டுமென்றால், அதற்கு வேண்டிய உடம்போடு அடுத்த தலைமுறையில் வரட்டும். அன்று நாங்கள் மறுபடி திட்டினால், 2001ஐ நினைவுபடுத்தி எங்களை உட்கார வையுங்கள். அந்த உரிமையை இந்த மடலில் எழுத்தாகவே தந்துவிட்டேன்.

இன்னொன்று. நீங்கள் மியூனிக்கில் வரைவதை ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஆலை மட்டும் காராகப் பூட்டவில்லை. 2007இல் திறந்த உங்கள் சென்னை ஆலை, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. 7 சீரிஸின் 740i அங்கேயும் பூட்டப்படுகிறது. ஐ.டி.ஐ.யில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்த பையன்கள் வயதில் இருப்பவர்கள், அந்தக் கிரில்லைக் கையில் ஏந்திப் பொருத்துகிறார்கள். பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை விரலால் தடவி, சமமா என்று பார்ப்பவர்கள் அவர்கள். அடுத்த முகத்துக்குக் களிமண்ணில் செய்யும் மாதிரி வடிவம் தயாரானதும், உங்கள் பெரிய விளக்கு அறைக்கு அனுப்பும் முன்னால், அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். டியூப்லைட் வேண்டுமானால் நான் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தகடு தட்டுகிற ஒருவன்,
சென்னை.