செட்டை மட்டும் பூட்டேல்லை

முள்ளியவளை,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்கு,

உனக்குச் செய்த அலைச்சறுக்குப் பலகை முடிஞ்சுது. அடியில வாற செட்டை மட்டும் பூட்டேல்லை. ஏனெண்டு கடைசியில சொல்லுறன்.

40 வருசம் கதவும் யன்னலும் கட்டிலும் செய்த கை எண்ட நம்பிக்கையிலதான் தொடங்கினன். ஆனா அலையில ஏறுற பலகைக்கு நான் புதுசு. கதவு எண்டா நேராய் நிக்கோணும். இதில ஒரு இடத்திலயும் நேர்கோடு இல்லை. மூலைமட்டத்தை எடுத்துப் பரணில வைச்சிட்டு, கையால தடவித் தடவித்தான் வளைவு பாத்தன். கண்ணுக்குத் தப்புற மேடு உள்ளங்கைக்குத் தெரியுது, பிள்ளை.

நீ அனுப்பின அளவுதான்: நீளம் 9 அடி, அகலம் 22 அங்குலம், நடுவில தடிப்பு 3 அங்குலம். 6 மில்லிமீற்றர் பிளைவூட்டில ஒரு முதுகெலும்பு வெட்டி, 10 அங்குலத்துக்கு ஒண்டாய் விலா வைச்சன். விறாந்தையில நிமித்தி வைச்சதைக் கண்டிட்டு அம்மா, "சதை உரிச்ச பாரை மீன் மாதிரிக் கிடக்கு" எண்டா. விலாவுக்கெல்லாம் ஓட்டை போடச் சொன்னாய். பாரம் குறையட்டும் எண்டு சொல்லுறாயெண்டு நினைச்சன். உள்ளுக்க காத்து ஒரு அறையால மற்ற அறைக்குப் போறதும் அந்த ஓட்டையாலதான் எண்டது பட்டபிறகுதான் விளங்கிச்சுது.

பட்டறையில கிடந்தது முதிரை, பாலை, தேக்கு. பாலை தண்ணியில தாழுற மரம், அது சரிவராது. தேக்கைச் சீவிக் கீழ்த்தட்டு போட்டன். பாரம் கையில தெரிஞ்சுது. கழட்டிப்போட்டு மலைவேம்பு எடுத்தன். தெப்பம் கட்டுறவை தேடுற மரம், லேசு. கீலத்தை 5 மில்லிமீற்றருக்குச் சீவி, ஒட்டினதை இறுக்கிப் பிடிக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை வார்வாராய் வெட்டிச் சுத்தினன். வளைஞ்ச ஓரத்தில இரும்புக் கிளாம்பை விட ரியூப்தான் நல்லாய்ப் பிடிச்சுது.

முனைக்கும் வாலுக்கும் வைச்சது அக்காவின்ர கலியாணத்துக்கு நட்ட கன்னிக்கால் முள்முருக்கு. 2013இல நட்ட தடி இப்ப கூரைக்கு மேல நிக்குது. ஒரு கொப்பு வெட்டி ஆறு மாதம் நிழலில காயவிட்டன். ஹவாயில அந்தக் காலத்துத் தலைவர்மார் ஏறின நீளப் பலகையை விலிவிலி எண்ட மரத்தில செய்தவையாம். அது எங்கட முள்முருக்கின்ர இனமாம். மச்சான் வாசிச்சுச் சொன்னவர். எனக்கு அது பெரிய சந்தோசம்.

மேல பூசுற பிசினுக்கு (றெசின்), கரையில வள்ளம் ஒட்டுறவையிட்ட பொலியெஸ்டர்தான் இருந்தது. ஒரு துண்டு மரத்தில பூசி, காய்ஞ்சபிறகு உளியால நெம்பிப் பாத்தன். தோல் மாதிரி உரிஞ்சு வந்திட்டுது. எப்பொக்சி எண்ட மற்றப் பிசினைக் கொழும்பில இருந்து எடுப்பிச்சன். விலைதான். ஆனா மரத்தை விட்டுக் கிளம்பாது.

பிழைவிட்டது அதுக்குப் பிறகு. காத்துப் போக மேல்தட்டில துவாரம் வைச்சு, பித்தளைத் திருகாணி போட்டிருந்தன். சித்திரை வெயில். திருகாணியை இறுக்கினபடி பலகையை முத்தத்தில விட்டிட்டுச் சாப்பிடப் போனன். "டக்" எண்டு சத்தம் கேட்டுது. ஓடிவந்து பாத்தா ஓரத்து ஒட்டு ஒண்டரை அடிக்கு வாய் பிளந்து கிடக்கு. உள்ளுக்க காத்து சூட்டுக்கு விரிஞ்சு, வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தள்ளியிருக்கு. ரெண்டு நாள் அதைத் தொட மனம் வரேல்லை. பிறகு திறந்து, துடைச்சு, திரும்ப ஒட்டினன். நீயும் கவனமாய் இரு: கரைக்கு வந்தவுடன திருகாணியைத் தளர்த்து, தண்ணிக்குள்ள இறங்க முதல் இறுக்கு. வெயிலில நிக்கிற காருக்குள்ள பலகையை ஒருநாளும் விடாத.

இப்ப 13 கிலோ. முத்தையன்கட்டுக் குளத்தில மச்சானை ஏத்திப் பாத்தம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகேல்லை.

வற்றாப்பளை அம்மனுக்குத் தீர்த்தம் எடுத்த அண்டு சிலாவத்தைக் கடற்கரையில நிண்டு உன்னைத்தான் நினைச்சன். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு, தீர்த்தம் எடுக்கிற அண்டுகூட நீ மணலில கால் வைக்கமாட்டாய். றோட்டிலயே நிண்டிடுவாய். அந்தப் பிள்ளை அவுஸ்திரேலியாவில அலைக்கு மேல எழும்பி நிக்கிற வீடியோ வந்த இரவு நான் நித்திரை கொள்ளேல்லை. பயம். அந்தப் பயத்திலதான் விடிய போன் எடுத்து உன்னை அப்பிடிப் பேசினன். அதை மனசில வைச்சிருக்காத, அம்மாச்சி. கடலில உனக்குக் கீழ கிடக்கப்போறது அப்பா தடவித் தடவிச் செய்த மரம் எண்டால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வரும்.

இனிச் செட்டைக் கதை. பின்னுக்கு வைச்சா நேராய் ஓடும், முன்னுக்கு வைச்சா சுகமாய்த் திரும்பும் எண்டு சொன்னாய். உனக்கு எது தோதெண்டு நீ ஏறிப் பாத்துத்தான் சொல்லோணும். ஆவணிக்கு லீவு கேள். இஞ்சத்தைக் கடல் அப்ப சோளகக் காத்துக்கு அடங்கிக் கிடக்கும், முதல் நாளைக்கு அது காணும். பிறகு அறுகம் குடாவுக்குப் போவம். அங்க அப்ப அலை இருக்கும். நானும் வாறன், கரையில இருக்கிறன்.

வரேக்க திருகாணிக்குப் போடுற றப்பர் வளையம் ரெண்டு கொண்டு வா. இஞ்ச வாங்கினது வெயிலில வெடிச்சுப்போச்சு.

அன்புடன்,
அப்பா