வண்டி விஷயமாக

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸப்பில் கேட்டதற்கு அதிலேயே பதில் போட்டிருக்கலாம். நாலு வரியில் அடங்காது என்றுதான் பேப்பரை எடுத்தேன். பொங்கலுக்கு அப்புறம் பேச்சே இல்லை, திடீரென்று எந்த பைக் வாங்கலாம் என்று கேட்கிறாய். பரவாயில்லை. இதையாவது அப்பாவிடம் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

"ஆபீஸ், மழை, மலை, ஊர், எல்லாத்துக்கும் ஒரே வண்டி. பின்சீட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். கடைசி வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக்காட்டவில்லை.

வியாழக்கிழமை திருநெல்வேலி போய் நீ சொன்ன மூன்றையும் பார்த்தேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான். 452 சிசி, 40 குதிரைத்திறன், ஏற்றத்தில் திணறாது. ஆனால் 196 கிலோ. பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் தினமும் அதைக் காலால் தள்ளி நகர்த்தப்போவது நீ. சீட் 825 மில்லிமீட்டர், உன் உயரத்துக்கு நுனிக்கால்தான் தரையில் படும். அதையேதான் வாங்குவேன் என்றால் டியூப்லெஸ் ஸ்போக் வீலாகக் கேட்டு வாங்கு. டியூப் போட்டதென்றால் பஞ்சருக்கு நடுரோட்டில் வீலைக் கழற்ற வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் ராத்திரி யாரைத் தேடுவாய்?

அதே கம்பெனியின் ஹண்டர் 350 ஊருக்குள் ஓட்ட அருமை. 181 கிலோ, சீட்டும் தாழ்வு. ஷோரூம் பையனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வண்ணார்பேட்டையில் ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் இறங்கியது. பெங்களூரிலிருந்து நம் ஊருக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் அந்தப் பின்சீட்டில் யாரையும் உட்கார வைக்க முடியாது.

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 250-தான் எனக்குப் பிடித்தது. சீட் 835, ஹிமாலயனைவிட 10 மில்லி உயரம், ஆனால் எடை 167 கிலோதான். சாய்ந்தாலும் தாங்கிப் பிடித்துவிடலாம். அலாய் வீல், டியூப்லெஸ், திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் இருக்க இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். பின்சீட் அகலம், கைக்குப் பிடிமானம் இருக்கிறது, பை வைக்கப் பின்னால் கேரியர் இருக்கிறது. காட்டுப் பாதையில் கல்லில் ஏறிக் குதிக்க இது ஆகாது. நீ குதிக்கவும் வேண்டாம். வருஷத்தில் நாலு நாள் மலைக்குப் போவதற்காக மிச்ச நாளெல்லாம் கனமான வண்டியோடு போராடாதே.

பின்சீட் பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே, தம்பி. வண்டி பத்து வருஷத்துக்கு வாங்குவது.

பொங்கலுக்கு மருமகளும் பாப்பாவும் மட்டும் வந்தார்கள். உனக்கு ஆபீஸில் வேலை என்றாள். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. கொண்டுவந்த பெட்டி நாலு நாளைக்கான பெட்டியாக இல்லை. திரும்பும்போது பெங்களூர் பஸ் ஏறாமல் சங்கரன்கோவில் பஸ் ஏறினாள். பெற்றவர்களைப் பார்க்கப் போகிறாள், நல்லதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

எந்த வண்டி எடுத்தாலும் டயரை மாதம் ஒரு தடவை கையால் தடவிப் பார். கண்ணால் பார்த்தால் போதாது. டிப்போவில் 31 வருஷம் டயர் பார்த்தவன் சொல்கிறேன். டயரின் மேலிருக்கும் பட்டன் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாதே.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீரவநல்லூர் விஷயம் உனக்குத் தெரியும். நாய் குறுக்கே வந்தது என்றுதான் நீ கேட்டு வளர்ந்தாய். நாய் எதுவும் வரவில்லை. அந்த ஆர்எக்ஸ் 100-இன் பின் டயர் மூன்று மாதமாக மொட்டையாக இருந்தது. டயருக்கு எடுத்துவைத்த பணத்தில் புது சைலன்சர் வாங்கி மாட்டினேன், சத்தம் நன்றாக இருக்கும் என்று. அப்படி ஒரு டயரோடு டிப்போவிலிருந்து ஒரு பஸ்ஸை வெளியே விட்டிருக்க மாட்டேன். 1997 ஐப்பசி, நல்ல மழை. வளைவில் பிரேக்கை மிதித்தேன், பின்சக்கரம் வழுக்கி விலகிவிட்டது. எனக்குச் சிராய்ப்புதான். அம்மாவுக்கு ஆனது உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த தாத்தா கேட்டதும் நாய் என்று வாயில் வந்துவிட்டது. அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறவும் இல்லை. கால் வலி என்பாள். நானும் கால் வலி என்றே வைத்துக்கொண்டேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் பின்னாலேயே வண்டியில் போன கல்யாணங்கள் எத்தனை. ஏன் ஏறமாட்டேன் என்கிறாய் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்டால் டயரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

உனக்கு இதை எழுதுவதென்றால் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நேற்று ராத்திரி சொன்னேன். "தெரியும். அன்னைக்கு டயரைப் பாத்துட்டுத்தான் ஏறினேன்" என்றாள். பிறகு எழுந்து போய்ப் பாலுக்கு உறை ஊற்றினாள். நான் வெகுநேரம் திண்ணையிலேயே இருந்தேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஹெல்மெட் இரண்டு வாங்கு, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து. பாப்பாவுக்கு அவள் தலைக்குச் சரியான சின்ன ஹெல்மெட் ஒன்று. அவளை டாங்க் மேல் உட்கார வைக்காதே. பணம் குறைந்தால் சொல், அப்பாவிடம் இருக்கிறது.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் மருமகள் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். உட்காரப்போகிறவள்தான் சீட்டைச் சொல்ல முடியும். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரம்தான். நீ வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்தால் விடிந்ததும் வந்துவிடலாம், அப்படியே அவளைப் போய்க் கூட்டிக்கொண்டு வா. ஷோரூம் பையனிடம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா